மாதிரிக்குக் கரை காலியாகத் தெரியும்

உச்சிப்புளியைச் சேர்ந்த, கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அண்ணா, மண்டபம் முதல் ராமேஸ்வரம் வரைக்கும் நிலப் பயன்பாடும் போக்குவரத்தும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகிறது என்று புராஜெக்ட் செய்யணும். என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். பெரிய மென்பொருள் எதுவும் ஓடாது. பிரவுசரிலேயே ஓடும் சிமுலேஷன் போதுமா? அதில் வரும் விடையை ஊரில் காட்டினால் நம்புவாங்களா?"

போதும், தங்கச்சி. மாவட்டத்தை நானூறு மண்டலமாகப் பிரித்தாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு என்று 1,60,000 இணைகள்தான் வரும். இணைக்கு ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். கையில் இருக்கும் போனே கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் மைக்கேல் பேட்டியின் குழு 'குவான்ட்' என்று ஒரு கணினி மாதிரி செய்திருக்கிறது. பிரிட்டனை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களாகப் பிரித்து, இங்கே வேலைவாய்ப்பு கூடினால், அங்கே ரயில்பாதை வந்தால், மக்கள் எங்கே குடியேறுவார்கள் என்று பிரவுசர் வழியாகவே கேட்டுப் பார்க்கலாம். அங்கே இணைகள் ஆறு கோடியைத் தாண்டும். நமக்கு வேண்டியது அதன் ஓர் ஓரம்கூட இல்லை. ஆகவே உன் லேப்டாப் ஒரு தடையே அல்ல. கடினமானது உன் இரண்டாவது கேள்வி. என் பதிலில் பெரும்பகுதி அதற்குத்தான் போகும்.

முதலில் எந்த மென்பொருளையும் திறக்காதே. ஒரு தாளை எடு.

மண்டபத்தில் ஒரு குடும்பம், ஜவுளி எடுக்கக் கிளம்புகிறது. ராமநாதபுரம் போகலாம், ராமேஸ்வரம் போகலாம். 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 61 ஆயிரம், ராமேஸ்வரத்தினுடையது சுமார் 45 ஆயிரம். அதையே ஊரின் 'இழுவை' என்று வைத்துக்கொள். பயண நேரம் ராமநாதபுரத்துக்கு 50 நிமிடம், ராமேஸ்வரத்துக்கு 30 நிமிடம் என்று கணக்குக்காக எடுத்துக்கொள். ஈர்ப்பு மாதிரி என்ற கணக்கு சொல்வது இதுதான்: இழுவையை நேரத்தின் வர்க்கத்தால் வகு. 61-ஐ 2,500 ஆல் வகுத்தால் 0.0244. 45-ஐ 900 ஆல் வகுத்தால் 0.05. இரண்டையும் கூட்டி விகிதம் பார்த்தால், நூறு குடும்பத்தில் 33 ராமநாதபுரம் போகும், 67 ராமேஸ்வரம் போகும்.

இப்போது ஆடி அமாவாசை. பாலத்திலும் ஊர் நுழைவிலும் வண்டிகள் தேங்கி, ராமேஸ்வரம் போகும் நேரம் 30-லிருந்து 60 நிமிடம் ஆகிவிட்டது. 45-ஐ 3,600 ஆல் வகுத்தால் 0.0125. விகிதம் அப்படியே தலைகீழ்: ராமநாதபுரத்துக்கு 66, ராமேஸ்வரத்துக்கு 34. கடை எதுவும் நகரவில்லை, ஆளும் மாறவில்லை. நேரம் மட்டும்தான் மாறியது. போக்குவரத்து நிலத்தின் மதிப்பை எப்படி மாற்றுகிறது என்பதன் விதை இதற்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து அந்த 'வர்க்கம்' என்பதைத் தொட்டுப் பார். நேரத்தை வர்க்கம் செய்யாமல் நேராக வகுத்தால், சாதாரண நாளில் 45-க்கு 55 வரும். 33-க்கு 67 எங்கே, இது எங்கே! ஒரே ஒரு எண்ணை மாற்றியதில் இத்தனை வித்தியாசம். பிரவுசர் சிமுலேஷனில் அந்த எண்ணுக்கு ஒரு இழுபட்டை வைப்பாய், இழுக்க இழுக்க வரைபடத்தில் கோடுகள் தடிக்கும், மெலியும். பார்க்க அழகாக இருக்கும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல உன்னிடம் பதில் இருக்க வேண்டும். மண்டபத்தில் ஐம்பது வீட்டுக் கதவைத் தட்டி, போன மாதம் ஜவுளிக்கு எங்கே போனீர்கள், ஆஸ்பத்திரிக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டு வந்தால், அந்தப் பதில் கிடைத்துவிடும். ஜவுளிக்கு ஒரு எண் வரும், ஆஸ்பத்திரிக்கு வேறு எண் வரும்.

கேட்டால் இன்னொன்றும் தெரியவரும். மக்கள்தொகையை இழுவையாக வைத்தது தவறு. ராமேஸ்வரத்துக் கடைகளில் பெரும்பகுதி யாத்திரைக்கு வருபவர்களுக்காக இருக்கிறது. சங்கு, பாசி, சிப்பி வாங்க மண்டபத்துக்காரர் பாலம் ஏற மாட்டார். மாவட்டத் தலைமையிடமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ராமநாதபுரத்தில் இருக்கின்றன. ஆகவே எந்தத் தேவையோ அதற்குரிய கடையை, மருத்துவரை, வகுப்பறையை எண்ணி வைக்க வேண்டும்.

இதுவரை பார்த்தது ஒரு திசைதான். வாடிக்கையாளர் எங்கே போகிறாரோ அங்கே கடை பெருகும், கடை பெருகினால் இழுவை கூடும், இழுவை கூடினால் இன்னும் ஆள் வருவார். இந்தச் சுழற்சியைச் சேர்த்தால்தான் அது நிலப் பயன்பாட்டு மாதிரி. 1978-ல் ஹாரிஸும் வில்சனும் இதைக் கடைவீதிகளுக்குச் சமன்பாடாக எழுதினார்கள். அதில் ஒரு திருப்பம் உண்டு: பெரிய கடைவீதிக்கு மக்கள் தரும் கூடுதல் விருப்பம் ஒரு அளவைத் தாண்டினால், சின்ன ஊர்க் கடைகள் படிப்படியாகத் தேயாமல் சட்டென்று ஒரேயடியாக இல்லாமல் போகும். உச்சிப்புளி கடைத்தெருவை வைத்து நீ இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். சாலை அகலமாவதால் உச்சிப்புளிக்கு நன்மை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ராமநாதபுரம் பத்து நிமிடம் நெருங்கி வந்தால் உச்சிப்புளிக் கடைக்காரர் என்ன ஆவார் என்பதை இந்தச் சுழற்சி காட்டும்.

அதற்கும் முன்னே, 1964-ல் ஐரா லௌரி அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குச் செய்த மாதிரிதான் இந்தத் துறைக்கே தாய். அதன் தர்க்கம் எளிது. வெளியிலிருந்து பணம் கொண்டுவரும் 'அடிப்படை வேலை' ஒரு இடத்தில் இருக்கும். பிட்ஸ்பர்க்கில் அது எஃகு ஆலை. அந்த வேலைக்காரர்கள் பக்கத்தில் வீடு தேடுவார்கள். வீடுகள் வந்தால் கடை, பள்ளி என்று சேவை வேலைகள் வரும். அந்த வேலைக்காரர்களுக்கும் வீடு வேண்டும். சுற்றுச் சுற்றாக ஓடி ஒரு நிலையில் நிற்கும்.

நம் கடற்கரைக்கு இதைப் பொருத்தும்போதுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. உச்சிப்புளியில் உள்ள கடற்படை விமானத்தளமான ஐ.என்.எஸ். பருந்து லௌரியின் கட்டத்துக்குள் சரியாக உட்காரும். ராமேஸ்வரம் கோயிலும் ஓரளவு உட்காரும். கீழக்கரையும் பெரியபட்டினமும் உட்காராது. அங்கே வீட்டுக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு வளைகுடாவிலும் மலேசியாவிலும் சம்பாதிக்கப்படுகிறது. வேலை செய்யும் இடம் உன் வரைபடத்திலேயே இல்லை, வீடு மட்டும் இருக்கிறது. லௌரியின் மாதிரியை அப்படியே ஓட்டினால் கீழக்கரையில் இத்தனை மாடிவீடுகள் இருக்கவே கூடாது. அதற்கு ஒரு வழி, வெளிநாட்டு வருமானத்தை அந்த மண்டலத்துக்குத் தனி எண்ணாகக் கொடுத்துவிடுவது. அந்தப் பணம் பயண நேரத்தைப் பார்த்து வீடு கட்டாது, சொந்த ஊரைப் பார்த்துத்தான் கட்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பாலத்துக்கு வருகிறேன். வலையமைப்புக் கணிதத்தில், எந்தக் கோட்டை எடுத்தால் வரைபடம் இரண்டு துண்டாகிவிடுமோ அந்தக் கோட்டுக்குப் பெயரே 'பாலம்'. நம் தீவுக்கு 1914 முதல் ரயில் பாலமும், 1988 முதல் சாலைப் பாலமும் இருக்கின்றன. சாலை மட்டும் என்று எடுத்தால் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தச் சாலைப் பாலம் கணித அர்த்தத்திலும் பாலம்தான். மாற்றுவழி கிடையாது. பொதுவாக நகர மாதிரிகளில் ஒரு சாலை நெரிந்தால் வண்டிகள் வேறு சாலைக்குப் பிரியும், கடைசியில் எல்லா வழியும் ஒரே நேரம் பிடிக்கும் நிலைக்கு வரும் என்பார்கள். 1952-ல் வார்ட்ராப் சொன்ன சமநிலை அது. இங்கே பிரிய இடமே இல்லை. ஆகவே அந்த நுணுக்கத்தை எல்லாம் விட்டுவிட்டு, பாலத்தின் நெரிசலை மட்டும் ஒழுங்காகக் கணக்கிடு.

அதற்கு 1964-ல் அமெரிக்கப் பொதுச்சாலைத் துறை வெளியிட்ட சூத்திரத்தைத்தான் இன்றுவரை உலகெங்கும் எடுக்கிறார்கள். வண்டிகளின் எண்ணிக்கையைச் சாலையின் கொள்ளளவால் வகுத்து, நான்கின் அடுக்குக்கு உயர்த்தி, 0.15 ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டு. வரும் எண்ணால் நெரிசல் இல்லாத நேரத்தைப் பெருக்கு. வண்டிகளும் கொள்ளளவும் சமம் என்றால் நேரம் 15 சதவீதம்தான் கூடும். இரண்டு மடங்கு என்றால் 3.4 மடங்கு ஆகிவிடும். நான்கு நிமிடத்தில் கடக்கும் பாலம் பதின்மூன்றரை நிமிடம் பிடிக்கும்.

நம் பாலத்தில் நடப்பது அதுவல்ல என்று பாம்பன்காரர் யாரும் சொல்வார்கள். வெளியூர் வண்டிகள் நடுப்பாலத்தில் நிறுத்தி, இறங்கி, கடலையும் ரயில் பாலத்தையும் படமெடுக்கின்றன. ஒரு ஓரம் முழுவதும் நின்ற வண்டி. வரும் வண்டிகளின் எண்ணிக்கை கூடவில்லை, பாலம் குறுகிவிட்டது. சூத்திரத்தில் மேலே உள்ள எண்ணை ஏற்றாதே, கீழே உள்ள கொள்ளளவை இறக்கு. விடை ஒன்றாகவே வரலாம், ஆனால் தீர்வு வேறாகும். முதல் கணக்கு இன்னொரு பாலம் கேட்கும். இரண்டாவது கணக்கு, பாலத்துக்கு முன்னும் பின்னும் கடலைப் பார்க்க ஒரு நிறுத்துமிடம் கேட்கும்.

இனி நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம்.

சில வருடங்களுக்கு முன் மன்னார் வளைகுடா ஓரம் ஒரு மீனவர் ஊரில், நானே செய்த ஒரு மாதிரியைக் கொண்டுபோய் காட்டினேன். நிலத்தை நூறு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சாலைக்கு எவ்வளவு தூரம், பக்கத்தில் எத்தனை கட்டடம், நிலம் காலியா என்று பார்த்து, அடுத்த இருபது வருடத்தில் எங்கே கட்டடம் முளைக்கும் என்று நிறம் மாற்றிக் காட்டும் மாதிரி. பத்துக்கு ஐந்து கிலோமீட்டர் பரப்பு என்றால் 5,000 கட்டம்தான், போனிலேயே ஓடியது. கரையோரம் நீளமாக ஒரு பட்டைதான் முதலில் நிறம் மாறியது. அதுதான் சாலைக்குப் பக்கம், அதுதான் காலி. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல வீடு வருதுன்னு காட்டுறீகளே, அப்போ நாங்க வலையை எங்கே இழுக்கிறது?"

அந்தப் பட்டை கரைவலை இழுக்கும் இடம். வள்ளம் ஏற்றி வைக்கும் இடம், வலை பின்னும் இடம், கருவாடு உலர்த்தும் இடம். செயற்கைக்கோள் படத்தில் வெறும் மணல். என் மாதிரிக்குக் கட்டடம் இல்லாத நிலம் எல்லாம் காலி நிலம். நூற்றுக்கணக்கான பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்கூடத்தை நான் காலி என்று எழுதி வைத்திருந்தேன். அன்றிலிருந்து எந்தக் கடற்கரை மாதிரியையும் நான் முதலில் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதே. 2019 அறிவிக்கைப்படி, ஊர்ப்புறக் கரையில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் நெருக்கமாக இருந்தால் உச்ச அலைக்கோட்டிலிருந்து 50 மீட்டரும், இல்லாவிட்டால் 200 மீட்டரும் கட்டடம் கூடாத பகுதி. இதை மாதிரியில் தடையாக வைப்பது எளிது. அப்போதும் அந்தக் கட்டம் 'தடை செய்யப்பட்ட காலி நிலம்' என்றுதான் நிற்கும். தடை தளர்ந்த மறுநாள் மாதிரி அங்கே கட்டடம் வைக்கும். கட்டியது, கட்டாதது என்ற இரண்டோடு மூன்றாவதாக 'தொழில் நடக்கும் நிலம்' என்று ஒரு நிலையை நீ உண்டாக்க வேண்டும். அதற்கு இழுவை கொடு. ஐஸ் வண்டி அங்கே வருகிறது, மீன் ஏற்றும் லாரி வருகிறது, கூடையோடு பஸ் ஏறும் பெண்கள் அங்கிருந்துதான் கிளம்புகிறார்கள்.

அந்த நிலம் வருடம் முழுவதும் ஒரே இடத்திலும் இருப்பதில்லை. வாடை வீசும் மாதங்களில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும். படகுகள் தென்கடலுக்கு மாறும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் அது மறுபடி திரும்பும். நீ எடுத்த செயற்கைக்கோள் படம் எந்த மாதத்தது என்று பார். தவறான மாதத்துப் படத்தில் ஒரு கரை முழுக்க ஆளில்லாமல் கிடக்கும். அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வாரத்தின் நாட்களைப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் பாக் நீரிணைப் பக்கம் உண்டு. காலை எட்டு முதல் பத்து என்ற 'உச்ச நேரம்' அலுவலக நகரங்களின் உச்ச நேரம். மீன் இறங்குதளத்தில் லாரி நெரிசல் படகு கரை சேரும் நேரத்தில்தான். இந்திய சாலைக் காங்கிரஸ் வழிகாட்டுதல் ஏழு நாள் தொடர்ந்து, நாளுக்கு 24 மணி நேரம் வண்டிகளை எண்ணச் சொல்கிறது. அந்த ஏழு நாளில் அமாவாசை விழுந்ததா, தடைக்காலம் விழுந்ததா என்பதைக் குறிக்காமல் வரும் எண் நம் கரைக்குப் பயன்படாது.

மாதிரியைச் சோதிக்க இரண்டு பரீட்சை வை. முதலாவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் ஊர் அழிந்து, வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவிக்கப்பட்டது. 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்தது. பயண நேரம் குறைந்ததால் உன் மாதிரி உடனே அங்கே வீடு கட்டத் துடிக்கும். கட்டினால், மாதிரிக்கு நிலத்தின் உயரமும் புயலும் குடிநீரும் தெரியவில்லை என்று அர்த்தம். கடைகள் சில வரலாம், குடியிருப்பு வரக் கூடாது. அந்த வித்தியாசத்தைச் சொல்லித் தரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதே.

இரண்டாவது இன்னும் நல்லது. 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் திறக்கும் வரை, இரண்டு வருடத்துக்கு மேல், ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. இயற்கையாகவே கிடைத்த ஒரு சோதனை இது. உன் வலையமைப்பில் ரயில் கோட்டை வெட்டி ஓட்டு. மண்டபம் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவும் வேனும் எவ்வளவு கூடும் என்று மாதிரி சொல்கிறது? அப்புறம் ஸ்டேஷன் வாசல் ஆட்டோ அண்ணன்களிடமும் டீக்கடையிலும் போய், அந்த இரண்டு வருடம் எப்படி இருந்தது என்று கேள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வருங்காலத்தைப் பற்றி அந்த மாதிரியைப் பேசவிடு.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலைகளுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், அதிலிருந்து வேண்டியதைப் பிரித்தெடுக்க ஓவர்பாஸ் டர்போ. கட்டம் கட்டமாக நிலம் மாறுவதைக் காட்ட நெட்லோகோவின் இணையப் பதிப்பு. யூரி விலென்ஸ்கி 1999-ல் வெளியிட்ட நெட்லோகோ பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும், நீ அதில் தொடங்கு. டஸ்டின் கார்லினோ எழுதிய ஏ/பி ஸ்ட்ரீட், ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியாகத் தெருவில் ஓட்டிக் காட்டும், அதுவும் பிரவுசரில். ஆனால் யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்ற தரவு நம் ஊருக்கு நீதான் தயாரிக்க வேண்டும், ஆகவே அதைப் பிறகு வைத்துக்கொள். கணக்குப் பகுதிக்குப் பைத்தான் தெரிந்தால், அதைப் பிரவுசரிலேயே ஓட்டும் ஜூபிட்டர்லைட் போதும், எதையும் நிறுவ வேண்டாம். மாதிரியில் பயணத்தின் செலவாக நேரத்தை மட்டும் வைக்காதே. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மீன் விற்கப் போகும் பெண்ணுக்கு இருபது நிமிடம் காத்திருந்து இலவச பஸ்ஸில் போவதும், உடனே ஷேர் ஆட்டோ ஏறுவதும் ஒரே செலவு அல்ல.

கரையில் தொழில் நடக்கும் இடங்களை வரைய ஜியோஜேசன்.ஐஓ போன்ற பக்கம் போதும். வரைந்த கோப்பை உன் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள். பொது வரைபடத்தில் ஏற்றுவதா வேண்டாமா என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எந்தப் பாடு (வலை போடும் இடம்) எங்கே, எந்த வழியில் கரைக்கு வருவது என்பதெல்லாம் அவர்களுடைய அறிவு. பிரவுசரில் ஓடும் மாதிரியின் பெரிய வசதி இதில்தான்: கோப்பை யாருக்கும் அனுப்பாமல் உன் கருவியிலேயே வைத்துக் கணக்குப் போடும்படி அதை எழுத முடியும்.

நம்புவார்களா என்று கேட்டாய். இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவரவர் போனில் அவரவரே இழுபட்டையை இழுக்கும்படி செய். இடப்பெயர்களை அவர்கள் சொல்லும் பெயரில் எழுது: தெற்குவாடி, வடகடல், தென்கடல். எந்த எண்ணை நீ அளந்தாய், எந்த எண்ணை அனுமானித்தாய் என்று இரண்டு நிறத்தில் காட்டு. முதல் கூட்டத்தில் விடையைக் காட்டாதே, காலி வரைபடத்தைக் காட்டி "இதில் எது தப்பு?" என்று கேள். அந்த ஆச்சியைப் போல ஒருவர் நிச்சயம் எழுந்து வருவார். அவர் சொன்னதைத் திருத்திவிட்டு மறுவாரம் திரும்பிப் போனால், அவர்களே உனக்காக எண்ணத் தொடங்குவார்கள்.

வேலையை இப்படித் தொடங்கு. வரும் அமாவாசைக்கு முந்தின நாளும் அன்றும், மண்டபம் பக்கப் பாலமுனையில் இரண்டு தோழிகளோடு உட்கார்ந்து, கால் மணிக்கு ஒருமுறை பஸ், கார், வேன், டூவீலர் தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணு. நடுப்பாலத்தில் நின்ற வண்டிகளைத் தனியாக எண்ண ஒருவரை விடு. தாளைப் படமெடுத்து அனுப்பு, தங்கச்சி. நேரத்துக்கு என்ன அடுக்கு வைப்பது, கொள்ளளவை எவ்வளவு இறக்குவது என்று அதை வைத்துச் சேர்ந்து பார்க்கலாம்.